மேக்கிலிருந்து லாகின் ஆகவில்லையா? சிறிய கேம் சர்வர் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் சிறியதாக ஓர் ஆன்லைன் கேம் நடத்துகிறீர்கள். சர்வர் லினக்ஸில் ஓடுகிறது, விளையாடுபவர் கணினியில் ஓடும் கிளையன்ட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மேக் வைத்திருப்பவர்கள் கேட்கத் தொடங்கியதும் அவர்களுக்கும் ஒரு கிளையன்ட்டைக் கட்டிவிட்டீர்கள். அது திறக்கிறது, லாகின் திரையும் வருகிறது. கடவுச்சொல்லைத் தட்டினால் அதோடு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிச் சேர்க்க எனக்கு மிகுந்த நேரம் பிடித்தது. உங்களுக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும்.

பலரும் மேக் கிளையன்ட்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் சர்வரிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸை மட்டுமே பார்த்து வளர்ந்த லாகின் சர்வரில், யாரும் எழுதி வைக்காத எதிர்பார்ப்புகள் பல ஒளிந்திருக்கும். அவற்றைக் களையப் பணம் தேவையில்லை. ஆப்பிளுக்குக் கட்டணம் கட்டுவது நான்காம் படியில்தான் வருகிறது. அதுவரை பணப்பையைத் தொட வேண்டாம்.

கேம் உங்களுடையதாகவோ, உரிமையாளரின் அனுமதியோடு நீங்கள் நடத்துவதாகவோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். கிளையன்ட்டின் மூல நிரல் கையில் இல்லாவிட்டால் இதில் பாதிப் படிகளைச் செய்யவே முடியாது.

1. கோரிக்கை எதுவரை வந்தது என்று கண்டுபிடியுங்கள்

"லாகின் ஆகவில்லை" என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கலாம். கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை. எட்டியது, ஆனால் பாதுகாப்பு இணைப்பு உருவாகும்போது அறுந்தது. முழுதாக வந்து சேர்ந்தது, சர்வர்தான் மறுத்தது. மூன்றையும் பிரித்துக் காட்டும்படி சர்வரின் லாக் கோப்பை முதலில் திருத்துங்கள். இணைப்பு திறந்த நேரம், அந்தப் பாதுகாப்பு இணைப்பு (டிஎல்எஸ்) உருவாகி முடிந்த நேரம், மறுப்புக்கான காரணம் ஆகிய மூன்று வரிகள் இருந்தால் போதும். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

புகார் சொன்னவரிடம் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: மேக்ஓஎஸ் பதிப்பு, இன்டெல் சிப்பா ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கானா, செயலி எந்தக் கோப்புறையில் இருக்கிறது, முயன்ற நேரம் (நேர மண்டலத்தோடு). மூன்றாவது கேள்வியைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள். அதன் காரணம் ஐந்தாம் படியில் புரியும்.

எதுவுமே எட்டவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சர்வர் வீட்டு வலையமைப்பிலேயே இருந்தால், 2024இல் வந்த மேக்ஓஎஸ் 15 முதல் உள்ளூர் வலையமைப்பை அணுகச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். பயனர் அதை மறுத்திருந்தால் "வழி இல்லை" என்ற பிழைதான் வரும். அனுமதியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. இதில் ஒரு பொறி உண்டு. டெர்மினலிலிருந்து ஓடும் கருவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் டெர்மினலில் சோதித்தால் சர்வர் பதில் சொல்லும், கேமுக்கு மட்டும் சொல்லாது. இரண்டாவது இடம் ஐபி பதிப்பு. உங்கள் டொமைனுக்கு ஐபிவி6 முகவரி பதிவாகியிருந்து, சர்வர் ஐபிவி4இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், உலாவி தானாகவே மாற்று வழிக்குப் போய்விடும். நேரடி சாக்கெட் பயன்படுத்தும் கேமில் அந்த மாற்று வழியை நீங்கள் எழுதியிருந்தால்தான் உண்டு.

சோதனைச் சர்வரை மேக்கிலேயே ஓட்டினால் 5000, 7000 ஆகிய போர்ட்டுகளை விட்டுவிடுங்கள். மேக்ஓஎஸ் 12 முதல் ஏர்ப்ளே பெறுநர் அவற்றில் உட்கார்ந்திருக்கிறது.

2. சர்வர் விண்டோஸை எதிர்பார்க்கும் இடங்களைத் தேடுங்கள்

கோரிக்கை முழுதாக வந்தும் மறுக்கப்படுகிறது என்றால் இந்தப் படியில்தான் விடை இருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில் கிளையன்ட் சரிபார்ப்பு. கிளையன்ட் கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை) லாகின் நேரத்தில் ஒப்பிடும் சர்வர்கள் உண்டு. ஒரே பதிப்பு எண் என்றாலும் மேக் கோப்பின் ஹாஷ் வேறாகத்தான் இருக்கும். பதிப்பு எண்ணுக்கு ஒரு ஹாஷ் என்றுள்ள அட்டவணையை, பதிப்பு எண்ணும் தளமும் சேர்ந்த இணைக்கு ஒரு ஹாஷ் என்று மாற்றுங்கள். சரிபார்ப்பை மேக்குக்கு மட்டும் அணைத்துவிடலாமே என்று தோன்றும். அணைத்தால், "நான் மேக்" என்று பொய் சொல்லும் எந்தக் கிளையன்ட்டும் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது கணினி அடையாளம். விண்டோஸ் கிளையன்ட் வட்டின் வரிசை எண்ணையோ ரெஜிஸ்ட்ரியில் உள்ள அடையாளத்தையோ அனுப்பும். மேக்கில் அந்தப் புலம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ போகும். விளைவைப் பாருங்கள்: எல்லா மேக்குகளும் சர்வருக்கு ஒரே கணினியாகத் தெரியும், ஒருவரைத் தடை செய்தால் மேக் பயனர் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். வெறுமையான அடையாளம் வந்தால் தடைப் பட்டியலோடு ஒப்பிடாதே என்று முதலில் ஒரு விதி எழுதுங்கள். பிறகு, மேக் தரும் தள அடையாள எண்ணைக் கிளையன்ட்டில் எடுத்து, ஹாஷ் செய்து அனுப்புங்கள். வைஃபை வன்பொருள் முகவரியை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். மேக்ஓஎஸ் 15 முதல் அது மாறக்கூடியது.

பதிப்பு எண் ஒப்பீடும் ஆளைக் கவிழ்க்கும். மேக்ஓஎஸ் எண்கள் 10.15க்குப் பின் 2020இல் 11 ஆயின. 2025இல் 15லிருந்து நேரே 26க்குத் தாவின. பழைய எஸ்டிகே (ஆப்பிள் தரும் செயலி உருவாக்கும் தொகுப்பு) கொண்டு கட்டிய செயலிக்கு மேக்ஓஎஸ் 11 தன்னை 10.16 என்றும், மேக்ஓஎஸ் 26 தன்னை 16 என்றும் சொல்லும். வெளியாகாத எண் வந்தால் மறுப்பேன் என்று சர்வர் இருந்தால், நேர்மையான பயனர்தான் அடிபடுவார். இயங்குதளப் பதிப்பை லாக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள்.

பாக்கெட்டின் அமைப்பு இன்னும் நுணுக்கமானது. சி மொழியின் ஸ்ட்ரக்ட்டை (பல புலங்களை அடுக்கி வைக்கும் நினைவகத் தொகுதியை) அப்படியே வலையில் அனுப்பும் பழைய கேம்களில் இது நிச்சயம் வெடிக்கும். 64 பிட் விண்டோஸில் லாங் வகைக்கு 4 பைட், 64 பிட் மேக்கில் 8 பைட். அகல எழுத்து வகைக்கு விண்டோஸில் 2 பைட், மேக்கில் 4 பைட். பயனர் பெயரின் முதல் எழுத்து மட்டும் சரியாக வந்து, மீதி வெறுமையாக இருப்பதாக சர்வர் சொன்னால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அளவு குறிப்பிட்ட எண் வகைகளுக்கும் யுடிஎஃப்-8 எழுத்துக்கும் மாறுங்கள். பைட் வரிசை பற்றிக் கவலை வேண்டாம். இன்டெல், ஆப்பிள் சிலிக்கான் இரண்டிலும் அது விண்டோஸைப் போலவே சிறு முனை முதலாக வருகிறது.

கடைசியாக ஒன்று. தமிழில் பயனர் பெயர் வைக்க அனுமதிக்கும் சர்வர்களுக்கு இது மிக முக்கியம். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் 0பிசிஏ என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் செய்தால் வேறு வேறு. கோ, கௌ ஆகியவையும் இப்படித்தான். மேக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில் வைத்துக்கொண்டதால், கோப்புப் பெயரிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர் பிரிந்த வடிவில் வரலாம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 2017இல் வெளியான ஆர்எஃப்சி 8265 என்ற இணையத் தர ஆவணம் சொல்வதும் இதுவே. ஏற்கெனவே சேமித்த கடவுச்சொல் ஹாஷ்கள் இருந்தால், முதலில் என்எஃப்சி வடிவத்தையும், பொருந்தாவிட்டால் வந்த வடிவத்தையும் பாருங்கள். வந்த வடிவம் பொருந்தினால் புதிய ஹாஷை எழுதிவிடுங்கள். பதிவு செய்த அதே வடிவில் தட்டும் பழைய பயனர் யாரும் வெளியே நிற்க மாட்டார்.

3. சான்றிதழைச் சரிசெய்யுங்கள்

லாகின் சர்வருக்கு டிஎல்எஸ் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டும் வழக்கத்தை அவர்கள் 2025இல் நிறுத்திவிட்டார்கள். எனவே தானியங்கிப் புதுப்பிப்பை அமையுங்கள், காலாவதித் தேதியை வேறொரு கருவி கண்காணிக்கட்டும். காசு கொடுத்து நீண்ட காலச் சான்றிதழ் வாங்குவதில் இனிப் பயன் இல்லை. 2020 செப்டம்பர் முதல் தரப்பட்ட சான்றிதழ்களில் 398 நாளுக்கு மேற்பட்டவற்றை ஆப்பிள் ஏற்பதில்லை. 2026 மார்ச் முதல் உச்ச வரம்பு 200 நாள், 2029இல் 47 நாள்.

இங்கே நான்கு பொறிகள். உங்கள் சான்றிதழை நம்பத்தக்க மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்ப வேண்டும். விண்டோஸில் அது இல்லாமலே வேலை செய்வது போலத் தெரியலாம்; ஓபன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் நூலகம் கொண்டு கட்டிய கிளையன்ட்டில் இணைப்பு அறும். அடுத்து, கிளையன்ட்டுக்குள் சான்றிதழையே பதித்து வைத்திருந்தால், முதல் புதுப்பிப்பிலேயே எல்லோரும் வெளியே. மூன்றாவது, ஆப்பிளின் சொந்த வலை நூலகம் பாதுகாப்பற்ற எச்டிடிபி முகவரியை இயல்பாகவே தடுக்கும். லாகின் எச்டிடிபிஎஸ்ஸில் இருந்து, கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் முதலில் படிக்கும் சர்வர் பட்டியல் மட்டும் பழைய எச்டிடிபியில் இருந்தால், லாகினே நடக்கவில்லை என்றுதான் பயனருக்குத் தோன்றும்.

நான்காவது எனக்கு மிகவும் தலைவலி தந்தது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவிலிருந்து எடுத்த ஓபன்எஸ்எஸ்எல், நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலைத் தன் சொந்தக் கோப்புறையில் தேடும். நிரலாளர் கணினியில் அந்தக் கோப்புறை இருக்கிறது, பயனர் கணினியில் இல்லை. ஆகவே உங்களிடம் வேலை செய்யும், வேறெங்கும் செய்யாது. பட்டியலைச் செயலிக்குள் வைத்து அனுப்புங்கள், அல்லது மேக்கின் சொந்தச் சரிபார்ப்பைப் பயன்படுத்துங்கள். ஹோம்ப்ரூவே நிறுவாத ஒரு மேக்கில் சோதிக்கும்வரை "முடிந்தது" என்று சொல்லாதீர்கள்.

4. ஆப்பிள் டெவலப்பர் கணக்கு: ஆவணங்கள், கட்டணம், காலம்

ஆப்பிள் டெவலப்பர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். இது இல்லாமல் பொதுமக்களுக்கு மேக் செயலி தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேக்ஓஎஸ் 15 முதல், கையொப்பமில்லாத செயலியை வலது சொடுக்கித் திறக்கும் குறுக்குவழி இல்லை. பயனர் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமைப் பகுதியில் அனுமதி தர வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டச் சொல்லும் ஒரு செயலிக்காகப் பாதுகாப்பை மீறப் பயனரைப் பழக்குவது நல்லதல்ல.

தனிநபராகச் சேர இரண்டு படிச் சரிபார்ப்பு உள்ள ஆப்பிள் கணக்கும், சட்டப்படியான பெயரும், அடையாளச் சான்றும் தேவை. அந்தச் சட்டப் பெயர்தான் செயலியின் கையொப்பத்திலும் தெரியும். பெயர் வெளியே தெரியக் கூடாது என்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நிறுவனமாகச் சேர, சட்டப்படி பதிவான அமைப்பு, டி-யு-என்-எஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் எண்), சொந்த டொமைனில் இணையதளம், அதே டொமைனில் மின்னஞ்சல் ஆகியவை வேண்டும். டி-யு-என்-எஸ் எண்ணுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது கிடைக்கச் சில வேலை நாட்கள் ஆகும், ஆப்பிளின் சரிபார்ப்புக்கு மேலும் நாட்கள் பிடிக்கும். விண்ணப்பத்திலும் பதிவு ஆவணத்திலும் பெயர், முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். வெளியீட்டுத் தேதியை இந்தக் கணக்கு கைக்கு வந்தபின் அறிவியுங்கள்.

செயலியில் கையொப்பமிடப் பயன்படும் டெவலப்பர் ஐடி சான்றிதழை உருவாக்கும் உரிமை கணக்கின் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. குழுவில் யார் பெயரில் கணக்கு திறக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

5. கையொப்பமும் நோட்டரைசேஷனும், பேட்ச் செய்யும் முறையும்

செயலியைக் கையொப்பமிட்டு, நோட்டரிடூல் வழியாக ஆப்பிளுக்கு அனுப்பினால் அவர்கள் தானியங்கியாகச் சோதித்து ஒப்புதல் தருவார்கள். இதுவே நோட்டரைசேஷன். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். புதிய கணக்கின் முதல் சமர்ப்பிப்பு நீளலாம். தனிக்கட்டணம் இல்லை. ஒப்புதல் சீட்டை ஸ்டேப்ளர் கருவியால் செயலியோடு இணையுங்கள். ஜிப் கோப்பில் அதை இணைக்க முடியாது. செயலியில் இணைத்துவிட்டு மறுபடி ஜிப் செய்யுங்கள், அல்லது வட்டுப் படமாகத் தாருங்கள். பழைய பயிற்சிக் குறிப்புகளில் வரும் ஆல்ட்டூல் இதற்கு 2023 நவம்பர் முதல் உதவாது.

நோட்டரைசேஷனுக்கு ஹார்டன்டு ரன்டைம் என்ற கூடுதல் பாதுகாப்பு முறை கட்டாயம். லுவா ஜிட் போல ஓடும்போதே நிரலை உருவாக்கும் இயந்திரம் உள்ளே இருந்தால் அதற்குரிய உரிமையைச் சேர்க்க வேண்டும், இல்லையேல் கேம் லாகின் திரைக்கு முன்பே விழும்.

இனி பேட்ச், அதாவது வெளியான கேமைப் புதுப்பித்தல். விண்டோஸ் லாஞ்சர் தன் கோப்புறையிலேயே புதிய கோப்புகளை எழுதும். மேக்கில் செயலிக்குள் ஒரு கோப்பை மாற்றினாலும் கையொப்பம் உடையும். ஆப்பிள் சிலிக்கானில், இயங்கு நிரலையே மாற்றினால் இயங்குதளம் அதை உடனே கொன்றுவிடும், கேமால் ஒரு பிழைச் செய்தி காட்டவும் முடியாது. போதாக்குறைக்கு, பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தே திறந்த செயலியை மேக்ஓஎஸ் படிக்க மட்டும் முடிகிற தற்காலிக இடத்திலிருந்து ஓட்டலாம். அப்போது லாஞ்சரால் எழுதவே முடியாது, பேட்ச் இறங்காது, பழைய பதிப்பு என்று சர்வர் மறுக்கும். முதல் படியில் கோப்புறையைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

தீர்வு: படங்கள், வரைபடங்கள், அமைப்புக் கோப்புகள் அனைத்தும் பயனரின் அப்ளிகேஷன் சப்போர்ட் கோப்புறையில் இறங்கட்டும். செயலியை முழுதாக, புதிதாகக் கையொப்பமிட்ட ஒன்றாகவே மாற்றுங்கள். சர்வர் முகவரியைப் பயனர் கையால் திருத்தும் அமைப்புக் கோப்பு இருந்தால் அதை ஒழித்துவிட்டு லாகின் திரையிலேயே ஒரு பெட்டி வையுங்கள். மேக்கின் டெக்ஸ்ட்எடிட் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடக்கூடும், கோப்பும் பிறகு படிக்க முடியாததாகிவிடும்.

சோதிக்கும்போது, கட்டிய செயலியை நேரே திறக்காதீர்கள். இணையத்தில் ஏற்றி, உலாவியில் பதிவிறக்கி, பிறகு திறங்கள். பதிவிறக்கிய கோப்பில் மட்டுமே தனிமைப்படுத்தும் குறி இருக்கும். திறக்கும் முன் செயலியைச் சோதிக்கும் மேக்கின் கேட்கீப்பர் அதைப் பார்த்தே விழிக்கிறது.

6. லாகின் உலாவியில் நடந்தால்

பயனரின் ஐபி முகவரியை மறைக்கும் ஐகிளவுட் பிரைவேட் ரிலே இயங்கும் மேக்கில் சஃபாரி ஓர் ஐபி முகவரியிலிருந்தும் கேம் இன்னொன்றிலிருந்தும் வரும். உலாவியில் தந்த டோக்கனை (லாகின் ஆனதற்கான சீட்டை) ஐபியோடு பிணைத்திருந்தால் இந்தப் பயனர்களுக்கு ஒருபோதும் லாகின் ஆகாது. பிணைப்பை நீக்கி, ஒரே முறை செல்லும், குறுகிய ஆயுள் கொண்ட குறியீட்டையும் அதைக் கேட்டவரே பயன்படுத்துகிறார் என்று உறுதிசெய்யும் பிகேசிஇ முறையையும் பயன்படுத்துங்கள். உலாவியிலிருந்து கேமுக்குத் திரும்ப ஆர்எஃப்சி 8252 காட்டும், அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரி வழி நல்லது. அதற்குப் பதில் கேமுக்கென்று தனி முகவரித் திட்டத்தை (mygame:// போன்றதை) பதிவு செய்தால், பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் பழைய நகல் விழித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

பதிவிறக்கப் பக்கத்தில் உலாவி சொல்வதை வைத்து சிப்பைக் கணிக்க வேண்டாம். ஆப்பிள் சிலிக்கானிலும் சஃபாரி தன்னை இன்டெல் மேக் என்றே சொல்கிறது. இரண்டுக்கும் பொதுவான யுனிவர்சல் செயலி ஒன்றையே தாருங்கள்.

7. உள்ளே போனபின் துண்டிக்கப்பட்டால்

கேம் சாளரம் பின்னுக்குப் போனதும் பின்னணிச் செயலிகளை மந்தமாக்கும் மேக் வசதியான ஆப் நாப் அதன் டைமர்களைத் தளர்த்தும். உயிர்த்துடிப்புப் பாக்கெட் தாமதமாகும், சர்வர் துண்டிக்கும், பயனர் அதையும் லாகின் கோளாறு என்றே எழுதுவார். இணைப்பு உள்ளவரை செயல்பாடு நடக்கிறது என்று இயங்குதளத்துக்கு அறிவிக்கும் வசதியைக் கிளையன்ட்டில் சேருங்கள். மூடித் திறந்த மடிக்கணினிக்காக மறு இணைப்பு டோக்கனும் வேண்டும்; இல்லையேல் "ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்று சர்வர் அவரையே தடுக்கும்.

8. எதை ஆதரிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

32 பிட் கிளையன்ட் 2019இல் வந்த மேக்ஓஎஸ் 10.15 முதல் ஓடாது. இன்டெல் செயலியை ஆப்பிள் சிலிக்கானில் ஓட்டும் ராசெட்டாவின் முழு வசதி மேக்ஓஎஸ் 27 வரை என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதை நம்பிப் புதிய வேலையைத் தொடங்க வேண்டாம். விண்டோஸ் செயலிகளை மற்ற இயங்குதளங்களில் ஓட்டும் வைன் வழியாக விண்டோஸ் கிளையன்ட்டை ஓட்டுபவர்களை எட்டிப் பிடிக்க முயலாதீர்கள்; விலக்கவும் வேண்டாம். அவர்கள் சர்வருக்கு விண்டோஸாகவே தெரிவார்கள். கெர்னல் மட்டத்து ஏமாற்றுத் தடுப்பு இருந்தால் மட்டும் அந்த வழி மூடியிருக்கும், அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மேக் கைவசம் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். குறைந்தது 24 மணி நேரத்துக்கான கட்டணம் வரும் என்பதால், சோதனைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடியுங்கள்.

இறுதியாக, லாகின் திரையில் "தோல்வி" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் எண்கள் வையுங்கள்: இணைக்க முடியவில்லை, சான்றிதழ் பிழை, கிளையன்ட் பழையது, கடவுச்சொல் தவறு, தடை செய்யப்பட்ட கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி எண். அதே எண் சர்வரின் லாக்கிலும் பதியட்டும். அடுத்த புகார் வரும்போது அந்த எண்ணை மட்டும் கேட்டால் போதும்.